வாகனத்தை விற்றாலும் விலகாத பொறுப்பு: தேவிகுளம் எல்லையில் பெயர் மாறாத ஆர்.சி.யும் சட்டத்தின் பார்வையும்

தேவிகுளம்: பணம் கைமாறி, சாவியும் ஆர்.சி. புத்தகமும் ஒப்படைக்கப்பட்டு, ரசீதில் இருவரும் கையெழுத்திட்ட பிறகும், அந்த வாகனத்தால் நேரும் விபத்துக்கு விற்றவரே இழப்பீடு தர வேண்டிய நிலை இந்தியச் சட்டத்தில் உள்ளது. போக்குவரத்துத் துறையின் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் உறுதி செய்துள்ளது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களில் இந்தச் சட்ட நிலை கூடுதல் கனம் பெறுகிறது. இங்கே வாங்குபவர் ஒரு மாநிலத்திலும் விற்பவர் மற்றொரு மாநிலத்திலும் இருப்பது இயல்பு. அப்போது பெயர் மாற்றம் ஒரே அலுவலகத்தில் முடியும் வேலையாக இருப்பதில்லை.

டெல்லி செங்கோட்டை அருகே 2025 நவம்பர் 10 அன்று கார் வெடித்த சம்பவத்துக்குப் பின் இந்தப் பிரச்சினை நாடு முழுவதும் பேசப்பட்டது. பதிவு எண்ணைப் பின்தொடர்ந்த காவல்துறை முதலில் சென்றடைந்தது, அந்தக் காரை எப்போதோ விற்றுவிட்ட ஹரியானா உரிமையாளரின் வீட்டு வாசலைத்தான். கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் 2022 அக்டோபர் 23 அன்று வெடித்த கார் பல கைகள் மாறியிருந்தது. அந்தக் கைகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டறிவதே விசாரணையின் முதற்கட்டப் பணியானது.

இவை அரிதான, கொடிய நிகழ்வுகள். பெயர் மாற்றாமல் விட்ட வாகனம் சாதாரண மனிதரைச் சிக்க வைப்பது பெரும்பாலும் விபத்து இழப்பீட்டு வழக்கிலும், வாகனம் பறிமுதல் செய்யப்படும் வழக்கிலும், வந்து குவியும் அபராத அறிவிப்புகளிலும்தான்.

உரிமையாளர் யார்?

பொருட்களை விற்பதில் பொதுவான நடைமுறை எளிமையானது. விலை தரப்பட்டு, பொருள் ஒப்படைக்கப்பட்டால் உரிமை மாறிவிடும். மோட்டார் வாகனத்திலும் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே இதுவே நிலை. ஆனால் சாலையில் அடிபட்ட மூன்றாம் நபரின் முன்னால் இந்தக் கணக்கு செல்லாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 2(30) பிரிவு, யாருடைய பெயரில் வாகனம் பதிவாகியுள்ளதோ அவரை உரிமையாளர் என வரையறுக்கிறது. கடன் அல்லது தவணை ஒப்பந்தத்தில் உள்ள வாகனமாக இருந்தால் மட்டும், அந்த ஒப்பந்தப்படி வாகனத்தை வைத்திருப்பவர் உரிமையாளராகக் கருதப்படுவார். 1939-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்த வரையறையைவிட இது தெளிவாகப் பதிவேட்டைச் சார்ந்தது.

இந்த வரையறையின் விளைவு மூன்று தீர்ப்புகளில் தெளிவாகத் தெரிகிறது. முதலாவது, நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ஆர்.எம். லோதா அமர்வு 2011 ஜனவரியில் வழங்கியது. 1993 பிப்ரவரியில் விற்கப்பட்ட ஒரு லாரி, 1994 மே மாதம் விபத்தில் சிக்கியது. ஓராண்டுக்கு மேல் ஆகியும் பெயர் மாறவில்லை. வாங்கியவர் காப்பீட்டைக்கூடப் பழைய உரிமையாளர் பெயரிலேயே எடுத்திருந்தார். பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்றும், அவர் பெயரில் காப்பீடு இருப்பதால் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

இரண்டாவது, 2018 பிப்ரவரி 6 அன்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு அளித்த தீர்ப்பு. அந்த வழக்கில் வாகனம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எனத் தொடர்ந்து விற்கப்பட்டிருந்தது. ஒருவரும் பதிவை மாற்றவில்லை. 2009-இல் நடந்த விபத்தில் ஒருவர் உயிரிழந்தார். இடையில் வாங்கியவரைப் பொறுப்பாக்கிய உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, பதிவில் பெயர் இருந்த முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என உச்ச நீதிமன்றம் அறிவித்தது. பதிவு செய்யப்படாத கைமாற்றங்களின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர் அலைய வேண்டியதில்லை என்பது அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணம்.

மூன்றாவது தீர்ப்புதான் விற்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது. 2009 செப்டம்பர் 11 அன்று விற்கப்பட்ட ஒரு கார் அக்டோபர் 9 அன்று விபத்தில் சிக்கியது. இடைவெளி 28 நாட்கள். பெயர் மாற்றத்துக்கு வாங்கியவருக்குச் சட்டம் தரும் 30 நாள் கெடு அப்போது முடியவில்லை. ஆகவே தன்மீது தவறில்லை என விற்றவர் வாதிட்டார். நீதிபதிகள் யு.யு. லலித், டி.ஒய். சந்திரசூட் அமர்வு 2018 டிசம்பரில் அதை ஏற்கவில்லை. அந்தக் காலக்கெடு தகவல் தெரிவிப்பதற்கான வசதி மட்டுமே. அந்த நாட்களுக்குள் விபத்து நேர்ந்தால் பொறுப்பு நீங்கிவிடும் என்று அதற்குப் பொருளில்லை என்று தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

அதாவது, சட்டத்தை மதித்து உரிய நாட்களுக்குள் நடந்துகொள்பவருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. சாவியைக் கொடுத்த நாளுக்கும் பதிவேட்டில் பெயர் மாறிய நாளுக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு நாளும் விற்றவரின் கணக்கில்தான் ஓடுகிறது.

எல்லை கடந்தால் நீளும் இடைவெளி

இந்த இடைவெளியின் நீளத்தை மாநில எல்லை மாற்றிவிடுகிறது. சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பனை நடந்தால் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தமது பகுதிக்குரிய அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வாகனம் வேறு மாநிலத்துக்குச் செல்வதாக இருந்தால் விற்றவருக்கு 45 நாட்கள். அதற்குள் அவர் தடையின்மைச் சான்று, அதாவது வழக்கில் உள்ள பெயரில் என்.ஓ.சி., பெற்று அனுப்ப வேண்டும்.

படிவம் 28-இல் விண்ணப்பித்துப் பெறும் அந்தச் சான்று ஒரு சடங்கு அல்ல. வாகனம் திருடப்பட்டதாகப் புகார் ஏதும் உள்ளதா என்பதைக் காவல்துறையிடம் கேட்டறிந்து, சாலை வரி முதலிய அரசு நிலுவைகள் செலுத்தப்பட்டனவா எனச் சரிபார்த்த பிறகே பதிவு அலுவலர் அதை வழங்குகிறார். 30 நாட்களுக்குள் அவர் மறுக்காவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என 48-ஆவது பிரிவு கூறுகிறது. அதன்பின் வாகனம் புதிய மாநிலத்தில் வரி செலுத்தி, புதிய பதிவெண் பெற வேண்டும். வேறு மாநில வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பவர் புதிய பதிவெண் பெறுவது கட்டாயம்.

தேவிகுளம் வட்டத்தின் நிலப்பரப்பைப் பார்த்தால் இது எத்தனை பேரைத் தொடும் விஷயம் என்பது புரியும். மூணாறிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்துக்குத் தேசிய நெடுஞ்சாலை 85 இறங்குகிறது. மறையூர், சின்னாறு வழியாக மற்றொரு சாலை உடுமலைப்பேட்டைக்குச் செல்கிறது. வட்டவடை, காந்தளூர் காய்கறி தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கும் போகிறது. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கு வாகனத்தில் செல்ல வேண்டுமானால் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். உறவும் வேலையும் வியாபாரமும் இரு பக்கமும் பரவிக்கிடக்கும் இந்தப் பகுதியில், கே.எல். 68 என்ற தேவிகுளம் பதிவெண் கொண்ட வண்டி போடியிலும், டி.என். 60 என்ற தேனி பதிவெண் கொண்ட வண்டி மூணாறிலும் ஓடுவதை எவரும் வேற்று மாநில வண்டியாகக் கருதுவதில்லை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், பொள்ளாச்சி எல்லையிலும் இதே நிலைதான்.

ஆனால் பதிவேட்டுக்கு எல்லை உண்டு. தேவிகுளம் துணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அடிமாலியில் இயங்குகிறது. மூணாறிலிருந்தே அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வட்டவடைக்காரருக்கு இன்னும் தொலைவு. விண்ணப்பங்கள் பரிவாகன் இணையதளத்துக்கு மாறியிருப்பது அலைச்சலைக் குறைத்துள்ளது. ஆயினும் ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண், கடவுச் சொல், ஆவணப் பதிவேற்றம் என ஒவ்வொரு படியிலும் தோட்டத் தொழிலாளி ஒருவர் இடைத்தரகரையே நம்ப வேண்டியிருக்கிறது. மாநிலம் கடந்த விற்பனை என்றால் இந்தப் படிகள் இரட்டிப்பாகின்றன. செலவையும் வரியையும் தவிர்க்க நினைக்கும் வாங்குபவர், வண்டியைப் பழைய பெயரிலேயே ஓட்டிக்கொள்வதும் அதையே அடுத்தவருக்கு விற்றுவிடுவதும் இந்தச் சூழலில்தான்.

வண்டியின் வயதும் இதில் சேர்கிறது. மலைச்சாலைக்கு ஏற்றது எனப் பழைய ஜீப்புகளுக்கு இங்கே மதிப்பு அதிகம். தனிப்பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த இலகுரக வாகனங்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு ரூ.10,000 ஆக உயர்த்தியது. குறைந்த விலைக்குக் கைமாறும் ஒரு பழைய ஜீப்பில், இந்தச் செலவை யார் ஏற்பது என்ற பேச்சே பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடப் போதுமானது.

தொழிலாளர் ஏறும் ஜீப்பும் காப்பீடும்

இழப்பீடு என்ற சொல்லுக்கு இந்தப் பகுதியில் உருவம் கொடுப்பது தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள். தேனி மாவட்டத்தின் போடி, கம்பம், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காகப் பெண்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி மாலையில் திரும்புகின்றனர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவதும், வளைவுகளில் ஜீப் கவிழ்வதும் எல்லை மக்கள் நன்கறிந்த துயரம்.

இத்தகைய ஜீப் ஒன்று பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? சட்டத்தின் 157-ஆவது பிரிவுப்படி, வாகனம் விற்கப்பட்டாலும் மூன்றாம் தரப்புக் காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகவே கருதப்படும். அவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்தில் பெயர் மாற்றக் கோர வேண்டும். கோராவிட்டாலும் சாலையில் அடிபட்ட மூன்றாம் நபரின் உரிமை அழியாது. ஆனால் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு இந்தச் சலுகை இல்லை. காப்பீட்டு நிறுவனத்துடன் புதிய உரிமையாளருக்கு ஒப்பந்தம் இல்லாத நிலையில், சொந்த வண்டியின் சேதத்துக்கு அவர் பணம் கோர முடியாது என உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துள்ளது.

இதைவிடச் சிக்கலானது வண்டிக்குள் இருப்பவர்களின் நிலை. விற்கப்பட்ட பிறகும் காப்பீட்டில் பெயர் மாறாத ஒரு ஸ்கூட்டர் தொடர்பான வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இரு விஷயங்களைப் பிரித்துக் காட்டியது. கைமாறியதால் மட்டும் மூன்றாம் தரப்புக் காப்பீடு செல்லாமல் போகாது. ஆனால், கட்டாயக் காப்பீடு மட்டும் எடுத்த தனிப்பயன்பாட்டு வாகனத்தில் கட்டணமின்றி ஏறியவருக்கு அந்தக் காப்பீடு பொருந்தாது. தனிப்பயன்பாட்டுக்கெனப் பதிவான ஜீப் கூலிக்கு ஆள் ஏற்றினால், காப்பீட்டு நிபந்தனை மீறப்பட்டதாக நிறுவனம் வாதிட இன்னொரு வழியும் திறக்கிறது. காப்பீடே காலாவதியாகியிருந்தால் நிறுவனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

காப்பீட்டு நிறுவனம் விலகிக்கொள்ளும் ஒவ்வொரு தருணத்திலும் தீர்ப்பாயத்தின் பார்வை அடுத்ததாகப் பதிவேட்டில் உள்ள பெயர் மீது விழுகிறது. அந்தப் பெயருக்குரியவர் வண்டியை விற்று, கிடைத்த பணத்தில் மகளின் படிப்புக் கட்டணத்தையோ வீட்டுக் கடனையோ கட்டி முடித்தவராக இருக்கலாம். கவிழ்ந்த ஜீப்பில் கணவரையோ தாயையோ இழந்த குடும்பத்துக்கும் பணம் கிடைக்க வேறு வழி இல்லாமல் இருக்கலாம். இரு தரப்பும் எளிய மக்களே. இவர்களில் யாருடைய பாரத்தை முதலில் குறைப்பது என்ற கேள்விக்கு, பாதிக்கப்பட்டவருடையதை என்று நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலில் நியாயம் உண்டு. விற்றவரிடம் பதிவை மாற்ற ஒரு வழியாவது இருந்தது. வண்டியில் ஏறியவரிடமோ சாலையில் நடந்தவரிடமோ எந்த வழியும் இருக்கவில்லை.

ரசீது எதற்குப் பயன்படும்?

அப்படியானால் விற்பனை ரசீதும் ஒப்பந்தப் பத்திரமும் வீணா என்ற கேள்வி எழலாம். வீண் அல்ல. அவற்றின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவதாக, குற்ற வழக்குகளில். மறையூர் சந்தன மரக் காடுகளைக் கொண்ட பகுதி. கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகளில் கஞ்சா பிடிபடுவதும் புதிதல்ல. கடத்தலுக்குப் பயன்பட்ட வாகனத்தைப் பறிமுதல் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 60-ஆவது பிரிவுப்படி, தமக்குத் தெரியாமலும் தமது உடந்தை இல்லாமலும் அது நடந்தது என்பதை உரிமையாளர்தான் நிறுவ வேண்டும். சிறுவர் ஒருவர் வண்டியை ஓட்டிக் குற்றம் இழைத்தாலும் இதே நிலைதான். பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கும் 199-ஏ பிரிவில், தமக்குத் தெரியாது என்பதை நிறுவும் சுமை அவருடையதே. இங்கெல்லாம் வண்டியை எந்த நாள், எந்த நேரத்தில், யாரிடம் ஒப்படைத்தார் என்பதைச் சொல்லும் ரசீதே அவரது கேடயம். இழப்பீட்டு வழக்கில் மட்டும் அந்தக் கேடயம் போதாது.

இரண்டாவதாக, செலுத்திய பணத்தைத் திரும்பப் பெறுவதில். பதிவில் பெயர் இருந்ததால் இழப்பீடு கட்டிய ஒருவர், வாங்கியவர் மீது உரிமையியல் வழக்குத் தொடர ஒப்பந்தமே அடிப்படை. ஒப்படைத்த நேரத்துக்குப் பின் நேரும் விபத்து, அபராதம், வரி ஆகியவற்றை வாங்குபவர் ஏற்பார் என்ற வாசகம் அதில் இருந்தால் வழக்கு எளிதாகும். வாங்கியவரின் முகவரியே தெரியாத நிலையில் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும்.

மூன்றாவதாக, அபராத அறிவிப்புகளில். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்கள் வழியாகச் சாலை விதிமீறலுக்கு அபராதம் விதிக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பு செல்வது பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான். அபராத நிலுவை இருந்தால் அடுத்தடுத்த சேவைகளும் சிக்கலாகும். தேவிகுளம் அருகே லாக்காடு சுங்கச்சாவடியைக் கடக்கும்போது, பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக் கணக்கிலிருந்தே பணம் கழிவதும் இதே பிரச்சினையின் சிறிய வடிவம்.

வாங்குபவருக்கும் ஆவணங்களே காவல். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் நடத்திய சோதனையில், பூட்டானிலிருந்து கொண்டுவரப்பட்டு, போலி ஆவணங்கள் மூலம் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட 30-க்கும் மேற்பட்ட வாகனங்கள் கேரளத்தில் கைப்பற்றப்பட்டன. ஆர்.சி. கையில் இருப்பது மட்டும் போதாது. அது எந்த அலுவலகத்தில், எந்த ஆவணத்தின் அடிப்படையில் பிறந்தது என்பதும் பார்க்கப்பட வேண்டும் என்பதே அந்த நடவடிக்கை உணர்த்தியது.

வியாபாரிக்கு ஒரு வழி, தனியாருக்கு இல்லை

பெயர் மாறாத வாகனங்களின் சிக்கலை மத்திய அரசு அறியாமல் இல்லை. பழைய வாகன வியாபாரிகளை அங்கீகரிக்கும் விதிகளை 2022 டிசம்பரில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டது. அவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி, உரிமையாளர் தமது வாகனத்தை அங்கீகரிக்கப்பட்ட வியாபாரியிடம் ஒப்படைத்ததும் இருவரும் சேர்ந்து இணையத்தில் தகவல் பதிய வேண்டும். அதிலிருந்து வாகனத்துக்கான பொறுப்பு வியாபாரிக்கு மாறும். அடுத்தவருக்குப் பெயர் மாற்றுவது, தடையின்மைச் சான்று பெறுவது ஆகியவற்றுக்கும் வியாபாரியே விண்ணப்பிக்கலாம். விபத்துப் பொறுப்பு குறித்த தகராறுகளைத் தீர்ப்பதும் இந்த விதிகளின் நோக்கம் என அமைச்சகம் அப்போது கூறியது.

இந்த ஏற்பாடு அங்கீகாரம் பெற்ற வியாபாரிகளுக்கு மட்டுமே உரியது. தெரிந்தவருக்கு, உறவினருக்கு, உடன் வேலை செய்பவருக்கு நேரடியாக விற்கும் தனிநபருக்கு இதற்கு இணையான வழி இல்லை. எல்லைப்புறத்தில் பெரும்பாலும் நடப்பதோ இத்தகைய நேரடி விற்பனைதான். விற்றவர் தனியாகத் தகவல் கொடுத்தாலும், வாங்கியவரின் விண்ணப்பம் முடிந்து பதிவேடு மாறும் வரை உரிமையாளர் என்ற பெயர் அவரைவிட்டு நீங்குவதில்லை.

வேறு நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் வாகனத்தை விற்றவர், பதிவு ஆவணத்தில் உள்ள எண்ணைக் கொண்டு ஓட்டுநர் மற்றும் வாகன உரிம முகமைக்கு இணையத்தில் உடனே தகவல் தந்துவிடலாம். பதிவு புதியவர் பெயருக்கு மாறுவதோடு, எஞ்சிய முழு மாதங்களுக்கான வாகன வரியும் விற்றவருக்குத் திரும்புகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் விற்றவர் ஐந்து நாட்களுக்குள் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். விற்பனைக்குப் பின் அந்த வண்டியால் நேரும் விதிமீறல்களிலிருந்தும் உரிமையியல் வழக்குகளிலிருந்தும் அது அவரைக் காக்கிறது. இரண்டிலும் பொதுவான அம்சம் ஒன்றே. வாங்கியவரின் சோம்பலுக்கோ ஏமாற்றுக்கோ விற்றவர் பிணையாக இருக்க வேண்டியதில்லை.

வியாபாரிகளுக்குத் தந்த அதே இணையத் தகவல் முறையை, இருவரின் ஆதார் சரிபார்ப்போடு தனிநபர் விற்பனைக்கும் விரிவுபடுத்துவதில் தொழில்நுட்பத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. வாங்கியவரின் அடையாளம் அந்த நிமிடமே பதிவாகிவிடும் என்பதால் பாதிக்கப்பட்டவரும் யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் காக்க விரும்பிய நலனுக்கும் அதனால் குறைவு வராது.

இடுக்கி எல்லையில் மொழியும் ஒரு சுவர். படிவங்களும் இணையப் பக்கங்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அலுவலகப் பேச்சு மலையாளத்தில் நடக்கிறது. கையெழுத்திடுபவரோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ளலாம் எனக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 வகை செய்துள்ளது. வாகன விற்பனைக்கான வழிகாட்டுதல் தமிழில் ஒரு பக்கம் அச்சிடப்பட்டு அடிமாலி அலுவலகச் சுவரில் ஒட்டப்படுவதுகூட அந்த உரிமையின் எளிய பயனாக இருக்கும்.

விற்பவர் செய்ய வேண்டியவை

சட்டம் மாறும் வரை, சாவி கைமாறும் நாளையும் பெயர் மாறும் நாளையும் இயன்ற அளவு நெருக்கமாக்குவதே விற்பவர் கையில் உள்ள வழி.

1. கடனில் வாங்கிய வாகனம் என்றால், வங்கியிடம் நிலுவையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை முதலில் நீக்க வேண்டும்.

2. அபராதம், சாலை வரி, புகைச் சான்று, காப்பீடு ஆகியவற்றை விலை பேசும் முன்பே சரிபார்ப்பது நல்லது. வேறு மாநிலத்தவருக்கு விற்பதானால் தடையின்மைச் சான்று கைக்கு வந்த பிறகே வண்டியை ஒப்படைப்பது பாதுகாப்பு.

3. உரிமை மாற்றத் தகவலுக்கான படிவம் 29-ஐயும் மாற்றக் கோரும் படிவம் 30-ஐயும் வெற்றிடம் விட்டு நிரப்பாமல் கையெழுத்திட்டுத் தரக்கூடாது. வாங்குபவரின் பெயரும் முகவரியும் தேதியும் எழுதப்பட்ட பிறகே கையெழுத்து. கையெழுத்திட்ட வெற்றுப் படிவமே வண்டி பெயர் மாறாமல் பல கைகள் மாறுவதற்கான அனுமதிச் சீட்டு.

4. பதிவு அலுவலக விண்ணப்பத்தை வாங்குபவரிடம் விடாமல், இருவரும் சேர்ந்தே இணையத்தில் சமர்ப்பித்து, விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முன்பணம் பெற்றுக்கொண்டு, பெயர் மாறிய பின் மீதிப் பணத்தையும் வண்டியையும் ஒரே நாளில் பரிமாறிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

5. ரசீதில் பதிவெண், இன்ஜின் எண், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், விலை, பணம் செலுத்திய முறை, ஒப்படைத்த தேதி, நேரம், இருவரின் முகவரி, இரு சாட்சிகளின் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். ரூ.5,000-க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் வருவாய் முத்திரை தேவை. வாங்குபவரின் அடையாள அட்டை நகலில் அவரது கையெழுத்தைப் பெறுவதும் பயன்படும்.

6. ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வங்கி வழியாகப் பெறும் பணம் விற்பனைக்கு மேலும் ஒரு சான்றாகவும் அமையும்.

7. விற்பனை முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் தந்து, ஃபாஸ்டேக் கணக்கை மூட வேண்டும். சில வாரங்கள் கழித்துப் பரிவாகன் தளத்தில் பதிவெண்ணை இட்டுப் பார்த்து, பெயர் மாறியதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பழைய கார்களுக்கு ஜி.எஸ்.டி. குறித்த அச்சம் தனிநபர்களுக்குத் தேவையில்லை. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தின் முடிவான 18 சதவீத வரி, பதிவு பெற்ற வியாபாரிகளின் இலாப விளிம்புக்கே பொருந்தும். ஒருவர் மற்றொருவருக்குத் தமது சொந்தக் காரை விற்பதற்கு அது பொருந்தாது. பெயர் மாற்றத்துக்கு மத்திய விதிகள் நிர்ணயித்த அடிப்படைக் கட்டணமும் தனிப்பயன்பாட்டுக் காருக்கு ரூ.300 மட்டுமே. மாநிலச் சேவைக் கட்டணம் தனி.

சில நூறு ரூபாயையும் இரண்டு நாள் அலைச்சலையும் மிச்சப்படுத்த ஒத்திப்போடும் வேலை, பல லட்சம் ரூபாய் இழப்பீடாக ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரலாம். அந்த இடைவெளியை மூடும் கடமை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் மட்டும் உரியதல்ல. வியாபாரிகளுக்குத் திறந்துவிட்ட கதவை எளிய மக்களுக்கும் திறக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கும் உண்டு. அதுவரை, போடிமெட்டைக் கடந்து செல்லும் ஒரு பழைய ஜீப்புக்கு யார் பொறுப்பு என்பதை ஓட்டுபவரை வைத்தோ விலை கொடுத்தவரை வைத்தோ சொல்லிவிட முடியாது. அதைச் சொல்வது ஆர்.சி.யில் அச்சாகியுள்ள பெயர்தான்.